கடலில் விழுந்த கார்பைடு கல்

200 மீட்டர். 2025 மே மாதக் கடைசியில் கேரளக் கடலோர மக்களுக்கு அரசு சொன்ன கணக்கு இது. கரையில் ஒதுங்கும் பெட்டிகளைத் தொடாதீர்கள், திறக்காதீர்கள், 200 மீட்டர் தள்ளியே நில்லுங்கள், 112-க்குத் தகவல் கொடுங்கள் என்றார்கள். தள்ளி நிற்கச் சொன்னது உடனே விளங்கியது. எதிலிருந்து தள்ளி நிற்கிறோம், தொட்டால் கைக்கு என்ன ஆகும், கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு விளங்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற லைபீரியக் கொடிக் கப்பல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்தது. மே 24 அன்று, கொச்சிக்குத் தென்மேற்கே சுமார் 38 கடல் மைல் தொலைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுநாள் காலை முழுகியே போனது. கப்பலில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். 640 கண்டெய்னர்களில் சில கடலடிக்குப் போயின. சில மிதந்து வந்து கொல்லம், ஆலப்புழை, திருவனந்தபுரம் கரைகளில் ஒதுங்கின. 13 கண்டெய்னர்களில் அபாயகரமான சரக்கு, தனியாக 12-ல் கால்சியம் கார்பைடு என்று கடலோரக் காவல்படை அறிவித்தது. மே 29 அன்று கேரள அரசு இதை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

கால்சியம் கார்பைடு என்ற பெயர் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. 'கல்லு வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம்' என்கிறோமே, அந்தக் கல்தான். பழத்தைப் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்தக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் ஏதோ ஒரு பழ மண்டியில் அதிகாரிகள் சோதனை போட்டு, டன் கணக்கில் மாம்பழத்தை அழிப்பதைப் பார்க்கிறோம். வெல்டிங் பட்டறைகளில் கேஸ் உண்டாக்கப் பயன்படுவதும் இதே கல். சாம்பல் நிறத்தில், உடைத்த ஜல்லி மாதிரி இருக்கும். பார்த்தால் பயம் வராது.

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடக்கும்போது இந்தக் கல் மனத்தில் வந்து நின்றது. ஒரு பக்கம் மிளகு, சுக்கு, ஏலக்காய்க் கிட்டங்கிகள். அவற்றின் பின்வாசலைத் திறந்தால் காயல். காயலுக்கு அந்தப் பக்கம் வில்லிங்டன் தீவில் மட்டாஞ்சேரி வார்ஃப். நூற்றாண்டுகளாகச் சரக்கு ஏற்றி இறக்கிய ஊர் இது. தாமிர வில்லைகளை வீசியெறிந்து, ஓடிப் பொறுக்கியவனுக்கு மட்டும் அன்றைய வேலை என்ற 'சாப்பா' முறையை எதிர்த்து 1953 செப்டம்பரில் துறைமுகத் தொழிலாளர்கள் போராடி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டதும் இங்கேதான். மூட்டையைத் தோளில் சுமப்பவருக்கு அதன் எடை தெரியும், வாசனை தெரியும். அது மிளகா, மருந்தா, ஆசிட்டா என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும். இன்று சரக்கு கண்டெய்னருக்குள் போய்விட்டது, வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்தில் கிரேன் தூக்குகிறது. வாசனையும் இல்லாமல் போனது.

கார்பைடு தண்ணீரில் பட்டால் இரண்டு பொருள்கள் பிறக்கும். ஒன்று அசெட்டிலின் வாயு, பட்டென்று தீப்பிடிக்கும். செய்தித்தாள்கள் எழுதியது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். இன்னொன்று சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவுகிற அதே நீற்றுச் சுண்ணாம்பு. சுத்தமான ஒரு கிலோ கார்பைடு முழுவதும் தண்ணீரோடு வினைபுரிந்தால் ஒரு கிலோ நூற்றைம்பது கிராமுக்கு மேல் சுண்ணாம்பு கிடைக்கும். கூடவே நல்ல சூடு. வியர்த்த உள்ளங்கையில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டால் இத்தனையும் அந்தக் கையிலேயே நடக்கும். கண்ணில் ஒரு தூள் விழுந்தால் கண்ணீரே அதற்குப் போதுமான தண்ணீர்.

சுண்ணாம்பு என்ன செய்யும் என்பதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது என் பாட்டியின் வெற்றிலைப் பெட்டி. ஐந்து வயதில், அவர் பார்க்காத நேரத்தில் ஒரு விரல் சுண்ணாம்பை நாக்கில் தடவினேன். நாக்கு பொத்துப்போய் இரண்டு நாள் மோர்ச்சோறு மட்டும்தான். வலியை விடப் பாட்டியின் பதற்றம்தான் நினைவில் நிற்கிறது. நாக்கு ஆறிடும், கண்ணுல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆய்வுக்கூடத்துக்காரர்கள் பின்னால் எண் போட்டு வகுத்த வேறுபாடு அவருடைய அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

தோலுக்கு மேலே செத்த செல்களால் ஆன ஒரு கெட்டிப் படலம் உண்டு, அது கவசம். கருவிழிக்கு அப்படி ஒரு கவசம் கிடையாது. அதிலும் காரவகைப் பொருள்கள் ஆசிட்டை விடக் கண்ணுக்குப் பொல்லாதவை. பெரும்பாலான ஆசிட்டுகள் பட்ட இடத்தில் புரதத்தை உறைய வைக்கும்; உறைந்த அந்த அடுக்கே மேற்கொண்டு உள்ளே இறங்குவதைக் கொஞ்சம் தடுக்கும். காரம் அப்படியல்ல. செல்களின் கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். காஸ்டிக் சோடா பட்ட விரல்கள் வழுக்குகின்றன என்கிறோம். நம் தோலின் கொழுப்பே அங்கே சோப்பாகிக்கொண்டிருக்கிறது. தோலில் பட்டால் பல சமயம் முதலில் வலி அவ்வளவாக இருக்காது, அதனால் பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். கருவிழியைச் சுற்றி ஒரு வளையத்தில் இருக்கும் மூலச்செல்கள் வெந்துவிட்டால், மேல்படலம் மறுபடி வளர வழியே இல்லாமல் கருவிழி வெள்ளையாகிவிடும்.

ஒரு ரசாயனம் தோலையும் கண்ணையும் என்ன செய்யும் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? இதன் வரலாறு துயரமானது. 1930-களில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் பெண்களின் கண்களைப் பாழாக்கியது. 1938-ல் அங்கே சட்டம் கடுமையானது. 1944-ல் உணவு, மருந்து நிர்வாகத்தில் வேலை பார்த்த ஜான் டிரெய்ஸும் உடனிருந்தவர்களும் ஒரு சோதனையை வகுத்தார்கள். முயலின் ஒரு கண்ணில் 0.1 மில்லிலிட்டர் பொருளை விடுவது, மறு கண்ணை ஒப்பிட விட்டுவைப்பது, நாள் கணக்கில் பார்த்து மதிப்பெண் போடுவது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் இதைத்தான் நம்பியது. முயலுக்கு நம்மைப்போலக் கண்ணீர் பெருகாது, நமக்கில்லாத மூன்றாவது இமை ஒன்று உண்டு. அதன் கண்ணை வைத்து நம் கண்ணுக்குச் சொன்ன தீர்ப்பு பலமுறை பொருந்தியது, சிலமுறை பொருந்தவில்லை. 1980-ல் ஹென்றி ஸ்பிரா என்ற நியூயார்க்காரர் ரெவ்லான் நிறுவனத்துக்கு எதிராக முழுப்பக்க விளம்பரம் கொடுத்து இந்தச் சோதனையை நாட்டுக்கே தெரியப்படுத்தினார். அந்த முயல்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. அவற்றின் வேதனையால் எத்தனையோ மனிதக் கண்கள் பிழைத்தன என்பதையும் நான் மறுக்கவில்லை.

இப்போது உலகளவில் ஒத்துக்கொண்ட வகைப்பாடு ஒன்று இருக்கிறது. தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளடுக்கு வரை சாகடித்தால், அதாவது திரும்பி வராத சேதம் என்றால், அது வேகவைக்கும் முதல் வகை. மூன்று நிமிடத்துக்குள் பட்டாலே அப்படிச் செய்வது 1ஏ. மூன்று நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 1பி. ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் என்றால் 1சி. சிவந்து, வீங்கி, பிறகு ஆறிவிடுவது வெறும் எரிச்சல் வகை. கண்ணுக்குக் கெடு 21 நாள். 21 நாளுக்குள் தெளியாத சேதம் 'கடும் சேதம்'.

தீர்மானிக்கும் வழி ஒரு படிக்கட்டு. முதல் படி, ஏற்கெனவே மனிதர்களுக்கு நேர்ந்த விபத்துகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பது. அடுத்து பிஹெச், அதாவது அமில-கார அளவு. 2-க்குக் கீழேயோ 11.5-க்கு மேலேயோ இருந்தால் வேகவைக்கும் பொருள் என்றே சந்தேகப்பட வேண்டும். இந்தப் படியில் நிற்கும்போதுதான் எனக்கு ஆச்சரியம். நீரில் கரைந்த நீற்றுச் சுண்ணாம்பின் பிஹெச் சுமார் 12.4. அந்த எண்ணை மட்டும் பார்த்தால் தோலைச் சுட்டுப் பொசுக்கும் என்று எழுதிவிடலாம். ஆனால் ஐரோப்பியப் பதிவில் அது தோலுக்கு எரிச்சல், கண்ணுக்குக் கடும் சேதம் என்றுதான் இருக்கிறது. சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் கொஞ்சமே கரையும், லிட்டருக்கு இரண்டு கிராம்கூட இல்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் எவ்வளவு காரம் கையிருப்பில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. காஸ்டிக் சோடாவின் கதை வேறு. அது கரைந்துகொண்டே போகும். கரைசலில் நூற்றுக்கு ஐந்து பங்கு இருந்தாலே 1ஏ, இரண்டிலிருந்து ஐந்து வரை 1பி, அரையிலிருந்து இரண்டு வரை எரிச்சல். ஒரே பொருள், எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

கார்பைடு கல்லுக்கும் ஐரோப்பியப் பதிவு அதேதான்: தோலுக்கு எரிச்சல், கண்ணுக்குக் கடும் சேதம். எரிச்சல்தானே என்று ஆறுதல் கொள்ள என்னால் முடியவில்லை. ஆய்வுக்கூடத்துத் தோல், ஒரு வகைப்பாட்டின் தோல். விடிய விடிய உப்புத் தண்ணீரில் வலை இழுத்து ஊறி வெடித்த உள்ளங்கை வேறு தோல்.

மேற்படிகளில்தான் புதிய வேலை நடந்திருக்கிறது. மனிதத் தோல் செல்களை ஆய்வுக்கூடத்தில் அடுக்கடுக்காக வளர்த்து, ஒரு சின்னக் குப்பிக்குள் தோல் செய்கிறார்கள். அதன்மேல் பொருளை மூன்று நிமிடம், ஒரு மணி நேரம் என்று வைத்துக் கழுவிவிட்டு, ஒரு மஞ்சள் சாயத்தில் போடுகிறார்கள். உயிரோடிருக்கும் செல் சாயத்தை ஊதாவாக்கும், செத்த செல் ஆக்காது. மூன்று நிமிடத்தில் பாதிக்கு மேல் செத்திருந்தால் தீர்ப்பு உறுதி. கண்ணுக்கு, இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் மாட்டுக் கருவிழிகள். உணவுக்காக வெட்டிய மாட்டின் கண் வீணாகத்தான் போகும். அதை எடுத்து, 32 டிகிரி சூட்டில் திரவத்தைப் பத்து நிமிடம் விட்டு, வெளிச்சம் எவ்வளவு ஊடுருவுகிறது, ஒளிரும் சாயம் எவ்வளவு கசிகிறது என்று அளக்கிறார்கள். மங்கல், கசிவு இரண்டையும் சேர்த்த மதிப்பு 55-ஐத் தாண்டினால் கடும் சேதம். 3-க்குள் இருந்தால் பயமில்லை. இடையில் விழுந்தால் வேறு சோதனை. இவை எல்லாம் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் வழிகாட்டு எண்களோடு பல நாடுகளில் செல்லுபடியாகும் முறைகள். இந்தியா 2011 முதல் அந்த முறைகளில் கிடைக்கும் தரவுகளைப் பரஸ்பரம் ஏற்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. அழகுசாதனப் பொருள்களுக்கு விலங்குச் சோதனையை 2014-ல் தடைசெய்தோம். தொழிற்சாலை ரசாயனங்கள் அந்தத் தடைக்குள் வரவில்லை.

ஆக, விடை கிடைக்காமல் இல்லை. கார்பைடு பற்றி, காஸ்டிக் பற்றி, ஆசிட் பற்றி எழுதிவைத்த தாள் எங்கோ ஒரு அலுவலகக் கோப்பில் இருக்கும். அதைத் தொடப்போகிற கைக்கு அது எந்த வழியாக வந்து சேர்கிறது என்று பார்த்தால் சங்கடமாக இருக்கிறது.

கண்டெய்னருக்கு வெளியே ஒட்டும் சின்னத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்பைடு, சர்வதேசப் போக்குவரத்து எண் 1402. நனைந்தால் ஆபத்து என்ற வகை. அதற்குரிய சின்னம் நீல நிறச் சாய்சதுரத்தில் ஒரு தீச்சுவாலை. குழாயிலிருந்து சொட்டும் திரவம் ஒரு கையை அரிப்பது போன்ற படம் வேறொரு வகைக்கு, ஆசிட், காஸ்டிக் போன்றவற்றுக்கு. கப்பல்காரருக்கு முதலில் தெரியவேண்டியது தீ. கப்பலில் அது நியாயம்தான். பெட்டி உடைந்து கரைக்கு வந்துவிட்டால் நியாயம் மாறுகிறது. மணலில் நிற்கும் சிறுவன் பார்ப்பது நீலச் சதுரத்துத் தீயை. அவன் கண்ணைப் பற்றி அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை.

தமிழில் இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் வேகவைக்கும் பொருளுக்கு ஒரு சொல், எரிச்சலூட்டும் பொருளுக்கு வேறு சொல். நாம் முதலாவதை 'அரிக்கும் தன்மை கொண்டது' என்று மொழிபெயர்த்துப் போடுகிறோம். அரிப்பு என்றால் நம் ஊரில் என்ன? கொசு கடித்தால் அரிப்பு. சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிப்பு. தேங்காய் எண்ணெய் தடவினால் போய்விடும் அரிப்பு. இரும்பைத் துரு அரிப்பதும், கரையைக் கடல் அரிப்பதும் அதே சொல்தான் என்றாலும், தோல் என்று வந்துவிட்டால் மனம் சொறிவதைத்தான் நினைக்கும். கண்ணைக் குருடாக்கும் பொருளுக்கு அரிக்கும் என்று எழுதிவைத்தால், படிக்கிறவர் ஆபத்தைக் குறைத்தே எடைபோடுவார். வகைப்பாட்டில் அத்தனை கவனமாகப் பிரித்துவைத்த இரண்டு அறைகளை நம்முடைய ஒரு சொல் ஒன்றாக்கிவிடுகிறது. இது மொழிபெயர்ப்புப் பிழை என்று நான் துணிந்து சொல்வேன்.

நல்ல சொற்கள் நம்மிடம் இல்லாமலா? வெந்துபோச்சு, பொத்துப்போச்சு, பொசுங்கிடுச்சு. எரிசோடா என்ற பள்ளிக்கூடப் பெயரே போதும், எரிக்கும் சோடா என்று கையை இழுத்துக்கொள்ள வைக்கும். இந்தச் சொற்களோடு வாழ்ந்தவர்கள் மட்டாஞ்சேரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பகுதியில் உள்ள சலவைக்கூடத்தில் வேலை செய்வது தமிழ் வண்ணார் குடும்பங்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்பை வெளுக்க அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. கல்லில் அடித்து, கஞ்சி போட்டு, முறுக்கிய கயிற்றுப் புரிகளுக்கிடையே துணியைச் செருகிக் காயவைக்கும் இடம். உவர்மண்ணும் வெள்ளாவியும் இருந்த காலத்திலிருந்து சலவைக்காரரின் கையும் காரமும் ஒன்றையொன்று அறியும். பெரியாற்றங்கரையில் ஏலூரில் 1950-களில் காஸ்டிக் சோடா ஆலை வந்தது. சோடா மூட்டையும் பிளீச்சிங் பவுடரும் எங்கும் கிடைக்கலாயின. உவர்மண்ணுக்குப் பழகிய விரல், காஸ்டிக்கையும் அதே நம்பிக்கையில் தொட்டுப்பார்க்கும். அந்த நம்பிக்கையை மாற்ற வேண்டியது விற்கிறவரின் பொறுப்பு. மூட்டையின் மேல் அச்சாகும் பொடி எழுத்து அதற்குப் போதாது.

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாலும் தமிழ்தான் காதில் விழும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் இங்கிருந்துதான் வாரக்கணக்கில் கடலுக்குப் போகிறார்கள். எல்சா முழுகிய பகுதியைச் சுற்றி 20 கடல் மைலுக்கு மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். கடலடியில் கிடக்கும் பெட்டி வலையைக் கிழித்த சம்பவங்களும் நடந்தன. பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் மீனவக் குடும்பங்களுக்கு ஆயிரம் ரூபாயும் ஆறு கிலோ அரிசியும் தரப்பட்டது. தண்ணீர் புகுந்த பெட்டியில் கார்பைடு தண்ணீரோடு கலந்து முடிந்து சுண்ணாம்பாகிவிடும், கடல் அதை நீர்த்துப்போகச் செய்துவிடும். காற்றுப் புகாமல் அடைத்த டிரம்மில் இருப்பது அப்படியல்ல. வலையில் ஒரு டிரம் ஏறி, அதைத் திறந்து பார்க்கும் அந்த நிமிடத்துக்கு வேண்டிய தகவல், கரையில் கிடைத்த அரிசியோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும்.

அதே 2025 அக்டோபரில், கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்தில் இந்தக் கல் தன் முழு முகத்தையும் காட்டியது. தீபாவளிக்குக் குழந்தைகள் பிளாஸ்டிக் குழாயில் கார்பைடும் தண்ணீரும் போட்டு வெடிக்கும் 'கார்பைடு துப்பாக்கி' மலிவாக விற்றது. வெடிக்காத குழாய்க்குள் எட்டிப் பார்த்தபோது வெடித்தது. போபாலிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், கண் காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சிலருக்குப் பார்வை திரும்பவில்லை. 1984-ல் விஷவாயுக் கசிவில் கண்ணெரிச்சலோடு விழித்த அதே போபால். கார்பைடு கண்ணை என்ன செய்யும் என்பது அந்தத் தீபாவளிக்கு முன்பே பதிவில் இருந்தது. விற்ற கடையில் மட்டும் இல்லை.

இந்தக் கல் விஷயத்தில் முதலுதவியும் கொஞ்சம் தந்திரமானது. தோலில் துண்டு ஒட்டியிருந்தால் முதலில் காய்ந்த துணியால் தட்டி அகற்ற வேண்டும். பிறகுதான் தண்ணீர், அதுவும் சொட்டுச் சொட்டாக அல்ல, கொட்டுகிற தண்ணீர். கொஞ்சத் தண்ணீர் சூட்டைக் கிளப்பும். நிறையத் தண்ணீர் சூட்டையும் சுண்ணாம்பையும் அடித்துக்கொண்டு போகும். கண்ணில் விழுந்திருந்தால் யோசிக்கவே நேரமில்லை. கண்ணீர் ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது. இமையை விரித்துப் பிடித்து, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கழுவியபடியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இமைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தூளை டாக்டர் இமையைப் புரட்டி எடுப்பார். கண்ணின் பிஹெச் சரியாகும்வரை கழுவுவதை நிறுத்தமாட்டார். தாய்ப்பால், நெய், விளக்கெண்ணெய் என்று எதையும் விட்டு நேரத்தைப் போக்கக்கூடாது. பாசத்தோடு செய்கிற காரியம்தான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில்தான் காரம் கருவிழியைத் தாண்டுகிறது.

மட்டாஞ்சேரி வார்ஃபிலும் தோப்பும்படியிலும் கொல்லம் கடற்கரையிலும் ஒரு பலகை வைக்க என்னைக் கேட்டால், மலையாளத்திலும் தமிழிலும், வங்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து படகிலும் சுமையிலும் வேலை செய்பவர்களின் மொழிகளிலும் இப்படி எழுதச் சொல்வேன்:

'சாம்பல் நிறக் கல். நனைந்தால் சுடும், ஈரக் கையை வேகவைக்கும். கண்ணில் விழுந்தால் பார்வை போகும். கையில் ஒட்டினால் துணியால் தட்டு, பிறகு தண்ணீரைக் கொட்டு. கண்ணில் விழுந்தால் உடனே தண்ணீர், கால் மணி நேரம். நிறுத்தாதே.'